அப்பாவோட பார்க்கின்சனுக்கு ட்ரெஹலோஸ் பவுடர் குடுக்கலாமா? என் கண் சொட்டு மருந்துலயும் அதே பேர் இருக்கே

மலர்_எச்எஸ்ஆர்

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர் எச்எஸ்ஆர் லேஅவுட்ல இருக்கேன், சொந்த ஊர் சேலம் பக்கம். அப்பாவுக்கு பார்க்கின்சன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் அப்பா அம்மா ரெண்டு பேரையும் இங்கயே கூட்டிட்டு வந்துட்டோம். நியூராலஜிஸ்ட் லெவோடோபா மாத்திரை குடுத்திருக்காங்க, நடை பரவால்ல, ஆனா சாயங்காலம் ஆச்சுன்னா கை நடுக்கம் ஜாஸ்தி ஆயிடுது, சட்டை பட்டன் போடுறதுக்கே கஷ்டப்படுறாரு. சுகர் வேற இருக்கு, மெட்ஃபார்மின் எடுத்துக்கிறாரு.

இப்ப என்னன்னா எங்க அத்தை பையன் ஃபேமிலி குரூப்ல ஒரு வீடியோ அனுப்பியிருக்கான். ட்ரெஹலோஸ்னு ஒரு இயற்கை சர்க்கரையாம், காளான்ல எல்லாம் இருக்காம், மூளை செல்லுக்குள்ள சேர்ற கெட்டுப்போன புரோட்டீனை எல்லாம் அது சுத்தம் பண்ணிடுமாம், அதனால பார்க்கின்சன், அல்சைமர் எல்லாத்துக்கும் நல்லதாம், சுகர் இருக்கிறவங்களும் தாராளமா சாப்பிடலாமாம். தினம் காலைல ரெண்டு ஸ்பூன் வெந்நீர்ல கலந்து குடிக்கணும்னு சொல்றாங்க. டப்பா வெளிநாட்டுல இருந்து வரணும், விலையைக் கேட்டா தலை சுத்துது, ஆனா அப்பாவுக்குன்னா அது ஒரு பொருட்டில்ல. அம்மாவும் இயற்கைதானே, குடுத்துத்தான் பார்ப்போமேங்கிறாங்க.

நான் வேலை பாக்குறது நாள் முழுக்க ஏசில, ரெண்டு மானிட்டர் முன்னாடி, அதனால கண் ரொம்ப காய்ஞ்சு போய் எரிச்சல்னு போன மாசம் கண் டாக்டர்கிட்ட போனேன், அவங்க எழுதிக் குடுத்த சொட்டு மருந்து அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தா அதுலயும் ட்ரெஹலோஸ் 3 சதவீதம்னு போட்டிருக்கு. அப்ப இது சும்மா வாட்சப் கதை இல்ல, நிஜமாவே மருந்துதான் போலன்னு தோணுது. இதைப் பத்தி தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, குடுக்கலாமா, குடுத்தா சுகர் ஏறுமா, அப்பாவோட மாத்திரைக்கு ஏதாவது இடைஞ்சல் பண்ணுமா? டாக்டரைப் பாக்க அடுத்த மாசம்தான் அப்பாயின்ட்மென்ட், அதுக்குள்ள அத்தை பையன் ஆர்டரே போட்டுடுவான்.


வயல்_வேலை

மலர் மேடம், நான் பொம்மசந்திரா பக்கம் ஒரு பயோ மருந்து கம்பெனில ஃபார்முலேஷன்ல இருக்கேன், அதாவது மருந்து மூலக்கூறு வயல்ல, அந்தச் சின்ன மருந்துக் குப்பில, கெடாம எப்படி இருக்கணும்னு பாக்குற வேலை. ட்ரெஹலோஸை தினமும் எடை போடுறவன்ங்கிறதால இதுல எனக்கு ஒரு தனி பிரியமே உண்டு, கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

ட்ரெஹலோஸ்ங்கிறது ரெண்டு குளுக்கோஸ் ஒண்ணா சேர்ந்தது, அவ்வளவுதான். நம்ம வீட்டு வெள்ளை சர்க்கரைல ஒரு குளுக்கோஸ் ஒரு ஃப்ரக்டோஸ். இதுல ரெண்டுமே குளுக்கோஸ், ஆனா சேர்ந்திருக்கிற விதம்தான் விசேஷம், ரெண்டு குளுக்கோஸும் மத்த பொருளோட வினை புரியுற அந்த முனையாலயே ஒண்ணை ஒண்ணு புடிச்சிக்கிட்டு இருக்கு. அதனால வெளிய இருக்கிற புரோட்டீனோட போய் ஒட்டிக்கிட்டு பழுப்பாக்குற வேலை எல்லாம் இதுகிட்ட கிடையாது. அமிலத்துலயும் சூட்டுலயும் லேசுல உடையாது. இனிப்பு வெள்ளை சர்க்கரைல பாதிகூட வராது, 45 சதவீதம்னு சொல்லுவாங்க.

1832-ல ரை பயிர்ல வர்ற எர்காட் பூஞ்சைல இருந்து முதல்ல கண்டுபிடிச்சாங்க. 1859-ல பெர்த்தலோங்கிற பிரெஞ்சு வேதியியல்காரர் ட்ரெஹாலாங்கிற ஒரு பொருள்ல இருந்து தனியா பிரிச்சாரு, அது பாலைவனப் பக்கம் ஒரு வகை கூன்வண்டு செடில கட்டுற கூடு. அதுக்கப்புறம் ரொம்ப காலம் இது லேப்ல மட்டும் இருந்த விலை ஜாஸ்தியான சாமான். 1990கள் நடுவுல ஜப்பான்ல ஒகயாமால இருக்கிற ஹயாஷிபாரா கம்பெனி ஸ்டார்ச்ல இருந்தே என்சைம் வச்சு இதைச் செய்யுற வழியைக் கண்டுபிடிச்சுது, கிலோ 20,000 யென்னுக்கு மேல இருந்தது 300 யென் பக்கம் இறங்கிடுச்சு. இப்ப ஜப்பான்ல அரிசிமாவு பலகாரம் மறுநாள் வெறைச்சுப் போகாம இருக்கறதுக்கு, இறைச்சி, நூடுல்ஸ்னு எதுல பாத்தாலும் இதைப் போடுறாங்க. அதனால டப்பா விலை தலை சுத்துதுன்னு நீங்க சொன்னதைப் படிச்சதும் எனக்கு கோவம்தான் வந்துச்சு, இது மூட்டை மூட்டையா செய்யுற பொருள், அந்த விலைக்கு எந்த நியாயமும் கிடையாது.

மருந்துல ஏன் போடுறோம்னா, புரோட்டீனைக் காய வச்சாலோ உறைய வச்சாலோ அதைச் சுத்தி இருக்கிற தண்ணி போயிடும். தண்ணிதான் புரோட்டீனை அதோட வடிவத்துல புடிச்சு வச்சிருக்கிறது, அது போனா புரோட்டீன் கசங்கி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அப்புறம் மருந்து மருந்தா இருக்காது. ட்ரெஹலோஸ் அந்தத் தண்ணி இருந்த இடத்துல போய் உக்காந்து அதே ஹைட்ரஜன் பிணைப்பைக் குடுக்குது, கூடவே காயும்போது படிகமாகாம கண்ணாடி மாதிரி இறுகி புரோட்டீனை அசைய விடாம வச்சுக்குது. இந்தத் தண்ணிக்குப் பதிலா சர்க்கரைங்கிற கருத்தை நல்லா நிலைநாட்டினது கலிஃபோர்னியா டேவிஸ்ல ஜான் குரோவும் அவரோட குழுவும். மார்பகப் புற்றுநோய்க்குப் போடுற ஹெர்செப்டின் 440 மில்லிகிராம் வயல்ல மருந்து 440ன்னா ட்ரெஹலோஸ் 400 மில்லிகிராம் இருக்கு, கிட்டத்தட்ட சரிபாதி. அவஸ்டின்ங்கிற இன்னொரு புற்றுநோய் மருந்துலயும் இருக்கு.

இதுல முக்கியமானது என்னன்னா அந்த வயல்ல ட்ரெஹலோஸ் பேஷண்ட்டுக்கு மருந்தா வேலை செய்யல, மருந்துக்குத்தான் காவலா நிக்குது. வீடியோ போடுறவங்க கேன்சர் மருந்துலயே இது இருக்குன்னு சொல்லி வியாபாரம் பண்ணுவாங்க, அதுல ஏமாந்துடாதீங்க. உங்க அப்பா விஷயத்துல மூளைக்குப் போய்ச் சேருமாங்கிறது வேற கேள்வி, அதை நியூரோ பக்கம் இருக்கிறவங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்.


இந்திராநகர்_கார்த்தி

வயல்_வேலை சார் சொன்னது எல்லாம் சரி, ஆனா எலில இது நல்லா வேலை செஞ்சிருக்குன்னு நானும் படிச்சிருக்கேன், சும்மா ஏதோ பத்திரிகைல இல்ல, பெரிய ஜர்னல்லயே வந்திருக்கு. ஜப்பான்ல எல்லாரும் பலகாரத்துல சாப்பிடுறாங்கன்னா விஷம் இல்லன்னு ஆச்சு. எங்க மாமாவுக்கும் பார்க்கின்சன் இருந்துச்சு, இந்த மாதிரி வியாதில குடும்பத்துக்கு ஒரு நம்பிக்கை வேணும்ங்க, கெடுதல் இல்லைன்னா குடுத்துப் பாக்குறதுல என்ன தப்பு? கொஞ்ச நாள் குடுத்துட்டு மாற்றம் தெரியலன்னா நிறுத்திக்கலாமே.


நரம்பியல்_மாணவி

கார்த்தி அண்ணா, மலர் அக்கா, ரெண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுறேன். நான் இங்க பெங்களூர்லதான் பிஎச்டி பண்றேன், செல்லுக்குள்ள புரோட்டீன் குப்பை எப்படி வெளியேறுதுங்கிறதுதான் என் வேலை, ட்ரெஹலோஸ் எங்க லேப் ஃப்ரிட்ஜ்ல எப்பவும் இருக்கும்.

முதல்ல எலி கதையை முழுசா சொல்லிடுறேன், ஏன்னா அது பொய் இல்ல. 2004-ல ஜப்பான்ல ரிகென்ங்கிற ஆராய்ச்சி நிலையத்துல, ஹண்டிங்டன்ங்கிற பரம்பரை மூளை நோய் வர்ற மாதிரி செஞ்ச எலிகளுக்கு குடிக்கிற தண்ணில 2 சதவீதம் ட்ரெஹலோஸ் கலந்து குடுத்தாங்க, மூளைல புரோட்டீன் கட்டி குறைஞ்சுது, நடை மேம்பட்டுச்சு, ஆயுசும் கூடுச்சு. நேச்சர் மெடிசின்ல வந்துச்சு, கார்த்தி அண்ணா படிச்சது அதுவா இருக்கலாம். அப்புறம் 2007-ல கேம்பிரிட்ஜ்ல சோவன் சர்க்கார், ரூபின்ஸ்டைன் குழு செல்லுல போட்டுப் பாத்தப்ப ட்ரெஹலோஸ் ஆட்டோஃபேஜியை முடுக்கி விடுதுன்னு காட்டினாங்க. ஆட்டோஃபேஜின்னா செல்லு தன்னோட பழைய சாமானை, கெட்டுப்போன புரோட்டீனை ஒரு பைல போட்டு லைசோசோம்ங்கிற கரைப்பு அறைக்குக் கொண்டு போய் கரைச்சுடுறது. பார்க்கின்சன்ல சேர்ற ஆல்ஃபா சைனியூக்ளின் புரோட்டீனும் அதுல சீக்கிரம் கரையுதுன்னு அதே வேலைலயே இருக்கு. அதனால அந்த வீடியோவுக்கு ஒரு அடிப்படை இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

ஆனா தட்டுல இருக்கிற செல்லுக்கு நாங்க ஊத்துறது 100 மில்லிமோலார் அளவுல. கணக்குப் போட்டா லிட்டருக்கு 34 கிராம். இந்த அளவு மனுஷ மூளைல சேரணும்னா நினைச்சுப் பாருங்க. வாயால சாப்பிட்டா என்ன ஆகுதுன்னா நம்ம சிறுகுடல் சுவர்ல ட்ரெஹலேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, அதோட ஒரே வேலை ட்ரெஹலோஸை ரெண்டா வெட்டி ரெண்டு குளுக்கோஸ் ஆக்குறது. ரத்தத்துக்குள்ள போறது பெரும்பாலும் அந்த குளுக்கோஸ்தான். தப்பிச்சு உள்ள போற கொஞ்சநஞ்சத்தையும் கிட்னில இருக்கிற இதே என்சைம் விடாது, அதுக்கு மேல ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல இருக்கிற தடுப்பு வேற, ட்ரெஹலோஸ் மாதிரி தண்ணில கரையுற பெரிய சர்க்கரை அதைத் தாண்டுறது ரொம்ப கஷ்டம். அப்ப எலில எப்படி வேலை செஞ்சுதுன்னு கேப்பீங்க, நியாயமான கேள்வி, எலி நாள் பூரா அந்தத் தண்ணியையே குடிச்சுது, குடல் வழியா ஏதாவது மறைமுகமா நடந்துச்சா இல்ல கொஞ்சமாவது மூளைக்குப் போச்சான்னு ஆராய்ச்சியாளர்களுக்குள்ளயே இன்னும் ஒரே கருத்து வரல.

மனுஷங்கள்ல சும்மா விட்டுடல. குடலைத் தவிர்க்கணும்னுதான் ரத்தக்குழாய் வழியா ஏத்துற ட்ரெஹலோஸை மருந்தா செஞ்சு, தசையை இயக்குற நரம்பு செல்லு செத்துப் போற ஏஎல்எஸ் நோயாளிகளுக்கு அமெரிக்கால ஹீலின்னு ஒரு பெரிய ட்ரையல்ல குடுத்துப் பாத்தாங்க. வாரத்துக்கு ஒரு தடவை உடம்பு எடை ஒவ்வொரு கிலோவுக்கும் 0.75 கிராம், அப்ப 60 கிலோ ஆளுக்கு 45 கிராம் நேரா ரத்தத்துல, 24 வாரம். 2024-ல ரிசல்ட் வந்துச்சு, நோய் போற வேகம் ப்ளசிபோவை, அதாவது மருந்தில்லாத போலி ஊசியை, விடக் குறையல. எனக்கு அன்னைக்கு மனசே சரியில்ல, எங்க ஃபீல்டுல எல்லாரும் எதிர்பார்த்த ஒண்ணு. ஏஎல்எஸ் வேற பார்க்கின்சன் வேறதான், ஒத்துக்கிறேன், ஆனா 45 கிராம் ரத்தத்துலயே ஏத்தி மாற்றம் காட்ட முடியாத இடத்துல ரெண்டு ஸ்பூன் வெந்நீர்ல என்ன பண்ணும்னு எதிர்பார்க்கிறது?

கார்த்தி அண்ணா கெடுதல் இல்லைன்னா குடுக்கலாமேன்னு கேட்டீங்க. சுகர் இல்லாத ஒருத்தருக்கு அந்தக் கேள்விக்கு எங்கிட்ட பெரிய பதில் இல்ல. மலர் அக்கா அப்பாவுக்கு இருக்கு. ட்ரெஹலோஸ் குளுக்கோஸ் பவுடர் அளவுக்கு வேகமா சுகரை ஏத்தாது, இன்சுலினும் அந்த அளவுக்கு எகிறாது, இது உண்மை, இதை வச்சுத்தான் சுகர்காரங்களும் சாப்பிடலாம்னு விக்கிறாங்க. ஆனா மெதுவா ஏறுதுங்கிறதும் ஏறவே ஏறாதுங்கிறதும் ஒண்ணு இல்ல, முடிவுல அது முழுக்க குளுக்கோஸ்தான், கிராமுக்கு 4 கலோரி. ரெண்டு பெரிய ஸ்பூன்னா இருவது கிராமுக்கு மேல வரும், வெறும் வயித்துல, தினமும். ரத்தக்குழாய் நல்லா இருக்கான்னு பாக்க வயசானவங்களுக்கு நடந்த ஒரு ஆய்வுல ஒரு நாளைக்கு 100 கிராம் குடுத்தாங்க, 12 வாரம், அதுலயும் எடை ஏறாதவங்களுக்குத்தான் நல்லது தெரிஞ்சுது. அந்த அளவு ஒரு சர்க்கரை நோயாளிக்கு யாராவது குடுப்பாங்களா?

நம்பிக்கை வேணும்ங்கிறதை நானும் மதிக்கிறேன், ஆனா அந்தக் காசும் அந்த நேரமும் பிசியோதெரபிக்குப் போனா உங்க அப்பா நடைக்கு நேரடியா பலன் கிடைக்கும். பார்க்கின்சன்ல ஒழுங்கான உடற்பயிற்சிக்கு இருக்கிற ஆதாரம் இந்தப் பவுடருக்கு இருக்கிறதை விட பல மடங்கு பலமானது.


ஜிகேவிகே_பூச்சி

நரம்பியல்_மாணவி சொன்ன அந்த ட்ரெஹலேஸ் என்சைம் நமக்கு ஏன் இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? நம்ம உடம்பு ட்ரெஹலோஸ் செய்யவே செய்யாது, வெட்டுறதுக்கு மட்டும் கத்தி வச்சிருக்கு, ஏன்னா நம்ம முன்னோருங்க காளானும் பூச்சியும் சாப்பிட்டு வந்தவங்க. கிரீன்லாந்து மக்கள்ல ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்கு இந்த என்சைம் கிடையாது, காளான் சாப்பிட்டா வயித்துவலி, வயித்துப்போக்கு. லாக்டோஸ் சேராதவங்க பால் குடிச்சா ஆகுறது மாதிரியே. மத்த ஊர்ல இது ரொம்ப அபூர்வம், இருந்தாலும் பவுடர் குடிச்சு வயிறு கடமுடாங்குதுன்னு யாராவது சொன்னா இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

நான் ஜிகேவிகேல, அதாவது பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்துல, பூச்சியியல் படிச்சவன், இந்த மூலக்கூறு நிஜத்துல யாருக்குச் சொந்தம்னு கேட்டா பூச்சிக்குத்தான்னு சொல்லுவேன். நமக்கு ரத்தத்துல குளுக்கோஸ் ஓடுற மாதிரி பூச்சிக்கு ட்ரெஹலோஸ் ஓடுது. ராம்நகரம் கூடு மார்க்கெட் போயிருக்கிறவங்களுக்குத் தெரியும் எத்தனை பட்டுக்கூடு வந்து குவியும்னு, அத்தனை புழுவுக்குள்ளயும் ஓடின ரத்தச் சர்க்கரை இதுதான். கொழுப்புத் திசுல செஞ்சு ரத்தத்துல விடும், தசைக்கு வேணும்னா அங்க ட்ரெஹலேஸ் வெட்டி குளுக்கோஸாக்கிக் குடுக்கும், தேனீ பறக்கிறதுக்கு எரிக்கிறதுல இதுவும் உண்டு. ஏன் நேரா குளுக்கோஸையே வச்சுக்கல? ரெண்டு குளுக்கோஸை ஒரே மூலக்கூறா மடிச்சு வச்சா ரத்தத்தோட ஆஸ்மோடிக் அழுத்தம், அதாவது தண்ணியை இழுக்கிற வேகம், பாதிதான் ஏறும், வயல்_வேலை சார் சொன்ன மாதிரி புரோட்டீனோட போய் ஒட்டவும் செய்யாது, அதனால நம்மள விட ரொம்ப அதிக அளவுல ரத்தத்துல வச்சிருக்க முடியுது.

ஆப்பிரிக்கால பாறைக்குழித் தண்ணில வளர்ற ஒரு கொசு மாதிரிப் பூச்சி இருக்கு, பாலிபெடிலம் வாண்டர்பிளாங்கின்னு பேரு, அதோட புழு கோடைல மொத்தமா காய்ஞ்சு சருகாயிடும், அப்ப அதோட காய்ஞ்ச எடைல ஐந்துல ஒரு பங்கு கிட்ட ட்ரெஹலோஸ்தான், மழை பெஞ்சா ஒரு மணி நேரத்துல நெளிய ஆரம்பிச்சுடும். தூத்துக்குடி உப்பளத்துல கிடைக்கிற ஆர்டீமியாங்கிற குட்டி இறால் மாதிரி உயிரும் அப்படித்தான், அதோட காய்ஞ்ச முட்டையைத்தான் இறால் ஹேட்சரிக்காரங்க டப்பால வாங்கி வச்சுக்கிட்டு வேணும்ங்கிறப்ப தண்ணில போட்டு பொரிக்க வைக்கிறாங்க. பன்னுக்குப் போடுற ட்ரை ஈஸ்ட்டும் பாக்கெட்ல மாசக்கணக்கா உயிரோட இருக்கறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனா காய்ஞ்சாலும் சாகாத நீர்க்கரடிங்கிற கண்ணுக்குத் தெரியாத குட்டி உயிருக்கும் இதேதான்னு நிறைய வீடியோல சொல்றாங்க, அது முழுசா சரி இல்ல, நிறைய நீர்க்கரடி இனங்கள்ல ட்ரெஹலோஸ் ரொம்பக் கம்மி, அதுங்க தனியா சில புரோட்டீன்களை வச்சு சமாளிக்குது.

இன்னொண்ணு, நெல்லுக்கு இலையுறை கருகல் வந்தா வாலிடமைசின் அடிப்பாங்களே, அது இந்த ட்ரெஹலேஸைத்தான் அடைக்குது. பூஞ்சை தனக்குள்ள சேத்து வச்சிருக்கிற ட்ரெஹலோஸை வெட்டி எரிக்க முடியாம வளர்ச்சி நின்னுடும். சேத்து வச்ச சர்க்கரை உள்ளயே கிடந்தும் பிரயோஜனம் இல்லாம போறதை நினைச்சா எனக்கு இன்னமும் ஆச்சரியமா இருக்கும், எவ்வளவு நுணுக்கமான இடத்துல கை வச்சிருக்காங்க பாருங்க.


மலர்_எச்எஸ்ஆர்

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்ல, அம்மாவுக்கு உக்காந்து படிச்சுக் காட்டினேன். பவுடர் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். அப்ப என் கண் சொட்டு மட்டும் எப்படி? அதுவும் அதே சர்க்கரைதானே, அது வேலை செய்யுதா இல்ல அதுவும் வெறும் காவல்தானா? இன்னொரு சந்தேகம், அப்பாவுக்கும் கண் காயுது, கண் சிமிட்டுறதே குறைஞ்சு போச்சு அவருக்கு, இதை அவருக்குப் போட்டா சுகர் ஏறுமா?


கண்ணாடி_அக்கா

மலர், நான் ஆப்டோமெட்ரிஸ்ட், ஜெயநகர் பக்கம் ஒரு கிளினிக்ல இருக்கேன். கண்ணுல இது நிஜமாவே மருந்துதான்மா, பயப்படாதே.

வித்தியாசம் என்னன்னா கண் மேற்பரப்புல நேரா படுது, குடல் வழியா போகவேண்டியதில்ல, மூளைத் தடுப்பைத் தாண்டவேண்டியதில்ல, வேலை எங்க நடக்கணுமோ அங்கயே போய் விழுது. ஒகயாமா பல்கலைக்கழகத்துல மட்சுவோங்கிற கண் டாக்டர் 2000களோட ஆரம்பத்துல, காய வச்சா செத்துப் போற கார்னியா (கருவிழியோட மேல் படலம்) செல்லு ட்ரெஹலோஸ் இருந்தா தாக்குப்பிடிக்குதுன்னு காட்டி, அப்புறம் ட்ரை ஐ இருக்கிறவங்களுக்கு சொட்டா போட்டும் பாத்தாரு. கண்ணீர் குறைஞ்சா அதுல உப்புச்செறிவு ஏறும், அது கார்னியா செல்லைச் சுருக்கி வீக்கத்தை உண்டாக்கும், அந்த சுழற்சியைத்தான் இது தணிக்குது. இப்ப வர்றதுல பல சொட்டு மருந்துல இதோட ஹையலூரோனிக் ஆசிடும் சேர்த்திருப்பாங்க, அது ஈரத்தை ரொம்ப நேரம் புடிச்சு வைக்கும், உங்க டப்பால அதுவும் போட்டிருக்கான்னு பாரு.

அப்பா விஷயம் நீ கவனிச்சது ரொம்ப சரி. பார்க்கின்சன்ல சிமிட்டுறது குறைஞ்சு போகும், அதனால கண் காயுறது அவங்களுக்கு ரொம்ப சகஜம், எரியுது மங்கலா தெரியுதுன்னு சொன்னா வயசாயிடுச்சுன்னு வீட்டுல விட்டுடுவாங்க, அப்படி விடக்கூடாது, காட்டணும். சுகரைப் பத்தி கவலையே வேண்டாம், ஒரு சொட்டுல 3 சதவீதம்னா ஒண்ணரை மில்லிகிராம்தான் வரும், அதுலயும் பாதி கன்னத்துல வழிஞ்சிடும். ஆனா உன் பாட்டிலையே அவருக்குப் போடாதே, ஒருத்தர் பாட்டிலை இன்னொருத்தர் தொடக்கூடாது, அவருக்கு ஒரு தடவை கண் செக்கப் பண்ணிட்டு தனியா வாங்கு, சுகர் இருக்கிறவர்ங்கிறதால விழித்திரையும் சேர்த்துப் பாக்கச் சொல்லு. அடிக்கடி போடுற மாதிரி இருந்தா பிரிசர்வேட்டிவ் இல்லாததா கேளு, பென்சால்கோனியம் குளோரைடு இருக்கிறது நாள்பட போட்டா காய்ஞ்ச கண்ணை இன்னும் மோசமாக்கும். அவருக்குக் கை நடுங்குறதால பாட்டில் முனை கண்ணுல குத்திடும், யாராவது போட்டு விடுங்க, மல்லாக்கப் படுக்க வச்சு கீழ் இமையை லேசா இழுத்து விட்டா போதும்.

உனக்கும் சொல்றேன், சொட்டு மட்டும் போதாது, ஏசி காத்து நேரா மூஞ்சில அடிக்காத மாதிரி சீட்டை மாத்திக்கோ, மானிட்டரைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ வை, அப்பத்தான் இமை பாதி மூடியிருக்கும்.


லேப்_கோட்

இன்னும் ஒரு விஷயம் யாரும் சொல்லல, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமா படுது, நம்ம நாட்டுக்கு இது வேற வகைல உதவலாம். காசநோய்க் கிருமிக்கு வெளிச்சுவர் கட்ட ட்ரெஹலோஸ் வேணும், மைக்கோலிக் ஆசிட்னு நீளமான கொழுப்பை ட்ரெஹலோஸ் மேல ஏத்தித்தான் சுவருக்குக் கொண்டு போகும், அந்தக் கிருமிக்கே அடையாளமான கார்ட் ஃபேக்டர்ங்கிறதும் ட்ரெஹலோஸோட ரெண்டு மைக்கோலிக் ஆசிட் சேர்ந்ததுதான். நம்ம செல்லு ட்ரெஹலோஸ் செய்யாது, தேவையும் இல்ல. அதனால ட்ரெஹலோஸ்ல ஒரு ஒளிரும் சாயத்தை ஒட்டி சளில கலந்தா உயிரோட இருக்கிற டிபி கிருமியும் அதோட இனத்துக் கிருமிகளும் அதை எடுத்துத் தன் சுவர்ல பதிச்சு மைக்ரோஸ்கோப்ல மின்னும், சாதாரண சாயம் மாதிரி கழுவிக் கழுவி எடுக்கவேண்டியதில்ல. 2018-ல ஸ்டான்ஃபோர்ட்ல கரோலின் பெர்டோசிங்கிற வேதியியலாளரோட லேப்ல இருந்து வந்த வேலை இது, அவங்களுக்கு 2022-ல வேதியியல் நோபல் கிடைச்சது வேற வேலைக்கு. செத்த கிருமி மின்னாதுங்கிறதால மருந்து வேலை செய்யுதான்னும் சீக்கிரம் தெரிஞ்சுக்கலாம்.

கார்த்தி சார் பாதுகாப்பு பத்தி கேட்டதுக்கும் ஒரு வார்த்தை. 2018-ல நேச்சர்ல ஒரு கட்டுரை வந்துச்சு, உணவுல ட்ரெஹலோஸ் பெருகினதாலதான் குடல்ல கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில்ங்கிற கிருமியோட கொடிய வகைகள் பரவுச்சான்னு சந்தேகம் கிளப்பி, நிறைய பேர் பயந்துட்டாங்க. பின்னால நோயாளிகளோட கிருமிகளை எடுத்துப் பாத்த ஆய்வுகள்ல அந்தத் தொடர்பு நிக்கல. அதனால பலகாரத்துல இருக்கிறதுக்கு பயப்படத் தேவையில்ல.


மலர்_எச்எஸ்ஆர்

அத்தை பையன்கிட்ட பேசிட்டேன், ஆர்டர் போடல. அவன் கோவிச்சுக்கல, நரம்பியல்_மாணவி சொன்ன 45 கிராம் கணக்கைச் சொன்னதும் சரிக்கான்னுட்டான், அந்தக் காசுல பாதியை பிசியோவுக்குத் தர்றேன்னும் சொன்னான். அப்பாவுக்கு கண் செக்கப்புக்கு டைம் வாங்கியாச்சு. ஒண்ணு மட்டும், சாயங்கால நடுக்கத்துக்கு அடுத்த மாசம் வரைக்கும் நாங்க வீட்டுல ஏதாவது பண்ண முடியுமா?


நரம்பியல்_மாணவி

அக்கா, நான் டாக்டர் இல்ல, மாத்திரை அளவை நீங்களா மாத்தாதீங்க. ஆனா ஒரு நோட்டுல மாத்திரை எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு என்ன சாப்பாடு, நடுக்கம் எப்ப ஆரம்பிக்குது எப்ப குறையுதுன்னு இன்னையில இருந்து எழுதிட்டு வாங்க, அடுத்த மாசம் நியூராலஜிஸ்ட்டுக்கு அதை விட உபயோகமானது எதுவும் இல்ல, டோஸ் நேரத்தை மாத்துறதா பிரிச்சுக் குடுக்கிறதான்னு அதைப் பாத்துத்தான் முடிவு பண்ணுவாங்க. லெவோடோபாவும் சாப்பாட்டுல இருக்கிற புரோட்டீனும் குடல்லயும் மூளைத் தடுப்புலயும் ஒரே வாசல் வழியாத்தான் உள்ள போகணும், பருப்பு, முட்டை, பாலோட சேர்த்து மாத்திரை போட்டா ரெண்டும் போட்டி போட்டு மருந்து லேட்டாகும். அதனால பொதுவா சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி தண்ணியோட போடச் சொல்லுவாங்க, அப்பாவுக்கு எப்படி எழுதியிருக்காங்கன்னு சீட்டை ஒரு தடவை பாருங்க, சந்தேகம்னா கிளினிக்குக்கு போன் போட்டே கேட்டுடலாம், அதுக்கு அடுத்த மாசம் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல.